பிஸ்டன் வாங்கும் முன் பிளாக்கை அளந்து பாருங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் எஞ்சினைப் பிரித்து மேசையில் வைத்ததும் நண்பர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எந்தக் கம்பெனி பிஸ்டன் போடப் போறே?" என்பதுதான். அதுதான் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. எந்தப் பிஸ்டன், எந்த அளவு, எந்த உலோகம் என்று முடிவு செய்வது பிளாக். கடற்கரையில் நின்ற வண்டி என்றால் அந்தப் பிளாக்குக்குள் உப்பு என்ன செய்து வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மரக்காணம், அனுமந்தை, கூனிமேடு, கடப்பாக்கம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிக் கொட்டகையில் வண்டி வைத்திருப்பவர்களை மனதில் வைத்தே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். குளிரூட்டிய ஷெட்டில் துணி போர்த்தி நிற்கும் வண்டிக்குச் சொல்லப்படும் அறிவுரை இங்கே பாதிதான் செல்லும்.

உப்பு எங்கே உட்காருகிறது

நான்கு சிலிண்டர் எஞ்சினை எந்த நிலையில் நிறுத்தினாலும் ஏதாவது ஒரு சிலிண்டரில் ஒரு வால்வு திறந்தே இருக்கும். சைலன்சர் வழியாகவோ கார்புரேட்டர் வழியாகவோ கடற்காற்று அதற்குள் போய்விடும். காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். இந்தக் கரையில் பெரும்பாலான இரவுகள் அப்படித்தான். உப்பள ஓரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. உப்பை வாரி எடுத்தபின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் குளோரைடு இருக்கிறது. அது 33 விழுக்காடு ஈரத்திலேயே நீரை இழுக்கத் தொடங்கிவிடும். சித்திரை வெயிலில் காய்ந்துபோனதாகத் தெரியும் எஞ்சினுக்குள்ளும் அந்தப் படலம் ஈரமாகவே இருக்கும்.

இந்த ஈரம் தேங்கும் இடம் ரிங் நிற்கும் கோடு. ஒரு பக்கம் வார்ப்பிரும்புச் சுவர், மறுபக்கம் அலுமினியப் பிஸ்டன், நடுவில் உப்புநீர். இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் மின்னோட்டம் பிறக்கும். அதில் முதலில் கரைவது அலுமினியம். வெள்ளைப் பொடியாகப் பூத்து, பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள மெல்லிய சந்தை அடைத்துவிடும். "பிஸ்டன் ஜாம்" என்று மெக்கானிக் சொல்வது பெரும்பாலும் இந்த அடைப்பைத்தான். மெதுவாக ஊறவைத்து எடுங்கள். மேலிருந்து சம்மட்டியால் அடித்து உடைத்தால், புதுப் பிஸ்டன் தேட உங்களிடம் இருக்கும் ஒரே மாதிரி போய்விடும். பழைய பிஸ்டன் எவ்வளவு அரித்திருந்தாலும் அதன் தலையிலுள்ள எண், கனெக்டிங் ராடோடு இணைக்கும் பின் செல்லும் துளையின் அளவு, துளையிலிருந்து தலை வரை உள்ள உயரம் ஆகியவை பெரும்பாலும் தப்பியிருக்கும். கடைக்குப் போகும்போது எடுத்துப்போக வேண்டியது அது.

பிஸ்டனை எடுத்ததும் சுவரில் ஒரு கறுத்த வளையம் தெரியும். நகத்தால் மேலும் கீழும் வருடிப் பாருங்கள். நகம் தடையில்லாமல் வழுக்கினால் அது வெறும் கறை. நகம் மாட்டினால் குழி. குழி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். மேல் ரிங் ஏறி முடிக்கும் இடத்துக்கு மேலே உள்ள குழியால் பெரிய பாதிப்பில்லை. ரிங் ஓடும் பாதையில் உள்ள குழி எண்ணெயைத் தேக்கி எரிக்கும், கம்பிரஷனைக் கசியவிடும், புது ரிங்கின் ஓரத்தைத் தேய்க்கும்.

வெள்ளம் புகுந்த கொட்டகைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2020 நவம்பரில் நிவர் புயலும் 2024 நவம்பர் இறுதியில் ஃபெங்கல் புயலும் இந்தக் கரையைப் புரட்டிப் போட்டன. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது யாராவது செல்ஃப் அடித்திருந்தால் தண்ணீர் அழுந்தாது. அழுத்தம் முழுதும் கனெக்டிங் ராடுக்குப் போய் ராடு வளைந்திருக்கும். வளைந்த ராடில் மாட்டிய புதுப் பிஸ்டன் போரில், அதாவது சிலிண்டர் துளையில், சாய்ந்தே ஓடும். பழைய பிஸ்டனின் ஸ்கர்ட்டில், அதாவது கீழ்ப்பக்கச் சுவரில், தேய்மானம் ஒரு பக்கம் மேலேயும் எதிர்ப்பக்கம் கீழேயுமாகக் கோணலாகத் தெரிந்தால், பிஸ்டன் பேச்சை நிறுத்திவிட்டு ராடை அலைன்மென்ட் பார்க்கக் கொடுங்கள்.

அளவு எடுப்பது

பட்டறையில் "தௌ" என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 0.0254 மி.மீ. "இருவது ஓவர்சைஸ்" என்றால் போர் 20 தௌ, அதாவது 0.508 மி.மீ. பெரிதாகியிருக்கிறது என்று பொருள். பழைய பிரிட்டிஷ் எஞ்சின்களுக்கு வழக்கமாக 10, 20, 30, 40, சிலவற்றுக்கு 60 தௌ வரை பிஸ்டன் வரும்.

இந்த எண்ணை இரண்டால் வகுத்துப் பார்க்கப் பலரும் மறந்துவிடுகிறார்கள். இருபது ஓவர்சைஸ் போட்டால் ஒரு பக்கச் சுவரில் கடைந்து எடுப்பது 10 தௌ மட்டுமே, கால் மில்லிமீட்டர். உப்புக் குழியின் ஆழம் அதைவிட அதிகமானால் இருபதில் போகாது. போர் ஏற்கெனவே தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அந்தக் கால் மில்லிமீட்டரும் முழுதாகக் கிடைக்காது. போரிங் ஒர்க்ஸில் மெஷினைத் தேய்ந்த போரின் நடுவில் நிறுத்துகிறார்களா, ஆலையில் போட்ட ஆதி நடுவில் நிறுத்துகிறார்களா என்று கேளுங்கள். ஆதி நடுவே சரி. தேய்ந்த போரைப் பின்பற்றிக் கடைந்தால் சிலிண்டர் முழுவதுமே கிராங்கை விட்டு விலகும்.

ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் என மூன்று உயரத்தில் போர் கேஜ் வைத்து, கிராங்குக்கு இணையாக ஒன்று, குறுக்காக ஒன்று என்று இரண்டு அளவு எடுங்கள். நான்கு சிலிண்டருக்கு 24 எண்கள் வரும். அத்தனையையும் தாளில் எழுதுங்கள். மெக்கானிக்கின் நினைவை நம்ப வேண்டாம். தேய்மானம் அதிகமிருக்கும் இடம் மேல் ரிங் திரும்பும் உயரத்தில், குறுக்குத் திசையில். நான்கில் மிக மோசமான சிலிண்டர் எந்த ஓவர்சைஸில் சுத்தமாகிறதோ, அதுதான் நான்குக்கும் அளவு.

ஒரு போர் மட்டும் கெட்டு மற்ற மூன்றும் நன்றாக இருந்தால்? இந்தக் கரையில் இதை அடிக்கடி காணலாம். வால்வு திறந்து நின்ற சிலிண்டரை மட்டும் உப்பு தின்றிருக்கும். அந்த ஒன்றுக்காக நல்ல மூன்றையும் நாற்பது வரை கடைந்து தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. கெட்ட போரில் மட்டும் ஸ்லீவ் இறக்கி, மற்ற மூன்றுக்கு எந்த ஓவர்சைஸ் வருகிறதோ அதே அளவுக்கு அதையும் கடையச் சொல்லுங்கள். நான்கு பிஸ்டனும் ஒரே செட்டாக இருக்கும், எடையும் ஒன்றாக இருக்கும், பிளாக்கில் அடுத்த ரீபோருக்கும் சதை மிஞ்சும். பேரன் காலத்தில் அது உதவும்.

பிஸ்டனை அளப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பிஸ்டன் முழு வட்டம் கிடையாது. ஸ்கர்ட் நீள்வட்டமாகவும் தலைப்பக்கம் குறுகலாகவும் கடையப்பட்டிருக்கும். சூடேறும்போதுதான் அது வட்டத்தை நெருங்கும். பின் துளைக்குக் குறுக்கே, ஸ்கர்ட்டின் கீழ்ப்பகுதியில், தயாரிப்பாளர் சொன்ன உயரத்தில் மைக்ரோமீட்டரை வையுங்கள். தலையை அளந்துவிட்டு "பிஸ்டன் சிறுசா இருக்கு" என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வெப்பநிலையும் இதில் விளையாடும். 63 மி.மீ. அலுமினியப் பிஸ்டன் 15 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.019 மி.மீ., முக்கால் தௌ, பருக்கும். வார்ப்புப் பிஸ்டனுக்கும் போருக்கும் இடையே விடும் மொத்தச் சந்தே இந்த அளவு எஞ்சினில் இரண்டு தௌ சுற்றித்தான். மே மாத மதியம் டிக்கியில் கிடந்த பிஸ்டனை எடுத்தவுடன் அளந்தால் சந்தில் மூன்றில் ஒரு பங்கு தவறிவிடும். பிளாக்கும் பிஸ்டனும் அளவுக் கருவியும் ஓர் இரவு ஒரே அறையில் கிடக்கட்டும், விடியற்காலையில் அளந்து பாருங்கள்.

உங்கள் எஞ்சினின் பங்காளிகள் யார்

தமிழ்நாட்டில் பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. இங்கிலாந்தில் ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்த எஞ்சின்களின் நெருங்கிய உறவுகள் இங்கே குடும்ப வண்டிகளில் ஓடின.

முதலாவது ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. வண்டலூரில் ஆலை வைத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961 முதல் 1971 வரை ஹெரால்டையும், 1972 முதல் கெஸல் என்ற வண்டியையும் செய்தது. இரண்டிலும் 948 சி.சி. எஞ்சின், போர் 63 மி.மீ., ஸ்ட்ரோக் 76 மி.மீ. 1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் இதே குடும்பத்தின் 1147 சி.சி. எஞ்சினைப் போட்டுக்கொண்டு வந்தது. ஸ்ட்ரோக் அதே 76, போர் மட்டும் 69.3 மி.மீ. பின்னால் 73.7 மி.மீ. போருடன் 1296 சி.சி.யும் வந்தது. ஸ்ட்ரோக் ஒன்றுதானே, கடைந்துவிட்டால் ஹெரால்டு ஸ்பிட்ஃபயர் ஆகிவிடும் என்று சிலருக்கு ஆசை வரும். 6.3 மி.மீ. கடைய 948 பிளாக்கில் சுவர் கிடையாது. தண்ணீர் ஜாக்கெட்டுக்குள் போய்விடுவீர்கள். ஸ்பிட்ஃபயர் பிஸ்டன் வேண்டுமென்றால் ஸ்பிட்ஃபயர் பிளாக் வேண்டும்.

இரண்டாவது ஸ்டாண்டர்ட் வான்கார்டு. 1950-களில் சென்னையில் கூட்டி முடிக்கப்பட்ட இந்தக் காரின் 2088 சி.சி. எஞ்சினும் ஃபெர்குசன் டி.இ.20 டிராக்டரின் எஞ்சினும் ஒரே வம்சம். 1953-இன் டிரையம்ஃப் டி.ஆர்.2 ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்ததும் அதுவே. பந்தய வகுப்புக்காகப் போரை 85-இலிருந்து 83 மி.மீ. ஆகக் குறைத்து 1991 சி.சி. ஆக்கினார்கள். இந்த எஞ்சினில் ரீபோர் என்ற தலைவலி இல்லை. வெட் லைனர், அதாவது தண்ணீரில் நேராக நிற்கும் கழற்றக்கூடிய சிலிண்டர். பிஸ்டனும் லைனரும் செட்டாக வரும். போரை உப்பு தின்றிருந்தால் லைனரையே மாற்றிவிடலாம். 86, 87 மி.மீ. செட்களும் உண்டு. ஆனால் உப்பு இங்கே பின்வாசல் வழியாக வரும். உவர்ப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி ஓட்டிய வண்டியில் லைனர் உட்காரும் விளிம்பு அரித்திருக்கும். லைனர் பிளாக் மட்டத்துக்கு மேலே 3 முதல் 5 தௌ எழும்பி நிற்க வேண்டும். புது லைனரை, அடியில் வரும் எட்டு வடிவ கேஸ்கெட்டோடு இறக்கி, நேர்சட்டம் வைத்து, ஃபீலர் கேஜால் பாருங்கள். எழும்பவில்லை என்றால் எவ்வளவு விலையுயர்ந்த பிஸ்டன் போட்டாலும் ஹெட் கேஸ்கெட் போய்விடும்.

மூன்றாவது எல்லோரும் அறிந்த அம்பாசிடர். 1959 முதல் அதில் வந்த 1489 சி.சி. எஞ்சின், 1955-இல் வெளிவந்த எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரின் எஞ்சினுக்குக் கூடப்பிறந்தது. போர் 73.025, ஸ்ட்ரோக் 88.9, இரண்டிலும் ஒன்றே. அதனால் எம்.ஜி.ஏ. வைத்திருப்பவர் அம்பாசிடர் பிஸ்டனைக் கையில் எடுத்துப் பார்ப்பது நியாயம்தான். ஆனால் போர் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. எம்.ஜி.ஏ. அதிக கம்பிரஷனில் ஓடப் பிறந்தது; அம்பாசிடர் மட்டமான பெட்ரோலில் பாரம் இழுக்கப் பிறந்தது. தலை வடிவமும் உயரமும் ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

உயரம்

இந்த அத்தியாயத்தில் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பின் துளையின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை உள்ள தூரத்தைக் கம்பிரஷன் ஹைட் என்பார்கள். புதுப் பிஸ்டன் போரில் அழகாக இறங்கும், பின்னும் சரியாகப் போகும். இந்த உயரம் ஒரு மில்லிமீட்டர் குறைந்திருப்பதை யாரும் பார்க்கமாட்டார்கள். வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் இழுக்காது. கார்புரேட்டரையும் பாயின்ட்டையும் மாதக்கணக்கில் திருகிக்கொண்டிருப்பார்கள்.

கணக்கைப் பாருங்கள். 948 எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 237 சி.சி. கம்பிரஷன் 8-க்கு 1 என்று வைத்துக்கொண்டால் பிஸ்டன் மேலே நிற்கும்போது அதன் தலைக்கு மேல் மிஞ்சும் இடம் 33.8 சி.சி. பிஸ்டன் 1 மி.மீ. குட்டையானால் அந்த இடம் 3.1 சி.சி. கூடி 36.9 ஆகும். கம்பிரஷன் 7.4-க்கு இறங்கிவிடும். உயரமாக இருந்தால் எதிர்த்திசையில் போகும். போதாக்குறைக்குத் தலை ஹெட்டிலோ வால்விலோ இடிக்கும்.

இதோடு ஓவர்சைஸ் தரும் மாற்றத்தை ஒப்பிடுங்கள். நாற்பது தௌ கடைந்தால் எஞ்சின் 948-இலிருந்து 978 சி.சி. சுற்றிப் போகும், கம்பிரஷன் 8-இலிருந்து 8.2 தொடும். அவ்வளவுதான். "நாப்பது போட்டா பவர் கூடும்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். சுவரை மெலிய வைத்து, சூட்டை ஏற்றி, முப்பது சி.சி. சம்பாதிப்பதில் லாபமில்லை. குழி போகும் அளவுக்கு மிகக் குறைந்த ஓவர்சைஸ் எதுவோ அதையே எடுங்கள்.

வேறு வண்டிப் பிஸ்டனைக் கடைந்து பொருத்தலாம் என்று பட்டறையில் யோசனை சொல்வார்கள். பாகம் கிடைக்காத காலத்தில் நம் மெக்கானிக்குகள் இப்படித்தான் வண்டிகளை உயிரோடு வைத்திருந்தார்கள். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். உயரத்தோடு, ஸ்கர்ட்டின் நீளமும் பார்க்க வேண்டும்: பிஸ்டன் அடியில் நிற்கும்போது ஸ்கர்ட் கிராங்கின் எடைக்கட்டியில் தட்டக்கூடாது. தலையைக் கடைந்து உயரம் குறைப்பதாக இருந்தால் மேல் ரிங்குக்கு மேலே எவ்வளவு சதை மிஞ்சுகிறது என்று பாருங்கள். பின் துளையைப் பெரிதாக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கே சதை குறைவு, விசை முழுதும் அங்கேதான் விழுகிறது.

வார்ப்பா, ஃபோர்ஜிங்கா

வார்ப்பிரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதைக் கட்டுப்படுத்தச் சிலிக்கான் சேர்க்கிறார்கள். சாதாரண வார்ப்புப் பிஸ்டனில் சிலிக்கான் 12 விழுக்காடு அளவில் இருக்கும். விரிவு அடக்கமாக இருப்பதால் சந்தைக் குறைத்து வைக்கலாம், காலையில் ஸ்டார்ட் செய்தால் சத்தம் வராது. ஃபோர்ஜிங் பிஸ்டனில் இரண்டு ரகம். 4032 என்ற கலவையில் சிலிக்கான் வார்ப்பைப் போலவே இருக்கும். 2618 என்ற கலவையில் சிலிக்கான் மிகக் குறைவு. அடி தாங்கும், ஆனால் அதிகம் விரியும். அதனால் போரில் கூடுதல் சந்து விட வேண்டும், சூடேறும் வரை பிஸ்டன் சுவரில் அடித்துக்கொண்டே இருக்கும். இங்கிலாந்தின் ஒமேகா, அமெரிக்காவின் ஜே.இ. போன்றவர்கள் செய்வது இந்த வகை. பந்தயத்துக்கு அது வேண்டும். மரக்காணத்திலிருந்து புதுச்சேரிக்கு ஞாயிறு காலை எண்பதில் போய்வரும் வண்டிக்கு அது வேண்டாம். சோழவரம் ஓடுதளக் காலத்துப் பந்தயக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஃபோர்ஜிங் மேல் ஒரு மயக்கம் இருக்கிறது. அந்தக் காசில் கிராங்கைப் பேலன்ஸ் செய்துகொண்டால் வண்டி இன்னும் இனிமையாக ஓடும்.

வார்ப்புப் பிஸ்டனைக் கொல்வது வேகமல்ல, நாக்கிங். ரிங் பள்ளங்களுக்கு இடையிலுள்ள மெல்லிய வரப்பு அதில் உடைந்து விழும். இன்று பங்கில் வரும், எத்தனால் கலந்த இ20 பெட்ரோலுக்கு ஆக்டேன் குறைந்தது 95 என்று தரவிதி இருப்பதால், 8 முதல் 9 வரை கம்பிரஷன் உள்ள பழைய எஞ்சினுக்கு அந்தப் பக்கம் கவலையில்லை. ஸ்பிட்ஃபயரின் 9-க்கு 1 அன்றைக்கு நல்ல பெட்ரோல் கேட்டது. இன்றைக்கு அது சாதாரணம். ஆனால் எத்தனால் எரிய அதிக எரிபொருள் வேண்டும். பழைய ஜெட்டையே வைத்து ஓட்டினால் கலவை 7, 8 விழுக்காடு வறண்டு, பிஸ்டன் தலை சூடேறும். புதுப் பிஸ்டனோடு கார்புரேட்டர் ஜெட்டையும் ஊசியையும் சரிபார்ப்பது செலவுப் பட்டியலில் சேரட்டும்.

இனிக் கம்பெனி. சென்னை செம்பியத்தில் இந்தியா பிஸ்டன்ஸ் 1949 முதல் இயங்குகிறது. வடக்கே ஸ்ரீராம் பிஸ்டன்ஸ் "உஷா" என்ற பெயரில் விற்கிறது. கோலாப்பூரில் மேனன் பிஸ்டன்ஸ் உண்டு. நம் பழைய வண்டிகளுக்கான பிஸ்டன் இப்போது பெரும்பாலும் பழைய ஸ்டாக்காகத்தான் கிடைக்கும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு, புதுப்பேட்டைக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். டப்பாவின் மேலுள்ள எண்ணை நம்பாமல் பிஸ்டன் தலையில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். பல ஆண்டுகளாக டப்பா மாறி மாறி வந்திருக்கும். ரிங் பள்ளத்தில் வெள்ளைப் பூப்பு இருந்தால் வாங்க வேண்டாம். பிஸ்டன் நன்றாக இருந்து ரிங் மட்டும் துருப்பிடித்திருந்தால் பிஸ்டனை எடுத்துக்கொண்டு ரிங்கைப் புதிதாக வாங்குங்கள். இங்கிலாந்திலிருந்து வரவழைப்பதும் கடினமில்லை, ஸ்பிட்ஃபயருக்கும் டி.ஆர்.-க்கும் அங்கே இன்னும் செட் செட்டாகக் கிடைக்கிறது.

மற்ற சிலது

பின் எப்படி நிற்கிறது என்று பழைய ராடைப் பாருங்கள். இருபுறமும் சர்க்ளிப் போட்டு மிதக்கும் பின், ராடின் சின்ன முனையில் போல்ட் போட்டு இறுக்கிய பின், சூடேற்றி அழுத்திய பின் என்று மூன்று வகை உண்டு. புதுப் பிஸ்டன் உங்கள் ராடின் வகைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பின் துளை நடுவிலிருந்து சற்றுத் தள்ளிப் போடப்பட்டிருந்தால் தலையிலுள்ள அம்புக்குறி எஞ்சினின் முன்பக்கம் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் தட்டும்.

எடைக்கு ஊரில் உள்ள நகைக்கடைத் தராசு போதும். பின், ரிங், சர்க்ளிப் எல்லாம் சேர்த்து நான்கு பிஸ்டனும் நான்கு கிராமுக்குள் ஒத்திருக்கட்டும். கனமானதை உள்பக்கத்தில், தயாரிப்பாளர் அதற்கென்றே விட்டிருக்கும் கூடுதல் சதையில் குறைக்கலாம். தலையில் கை வைக்கக்கூடாது.

ரிங்கைப் போரில் விட்டு, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் நேராகத் தள்ளி, முனைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு அங்குலப் போருக்கு 4 தௌ என்பது பழைய கணக்கு, 63 மி.மீ. போருக்கு 10 தௌ, கால் மில்லிமீட்டர். குறைந்தால் அரத்தால் தேய்க்கலாம். மிக அதிகமானால் அது உங்கள் ரிங் இல்லை.

போரிங் ஒர்க்ஸில் கொடுப்பது

பிஸ்டன் கையில் வராமல் போரைக் கடையக் கொடுக்காதீர்கள். "நீங்க பிஸ்டன் கொண்டாங்க, அதுக்குள்ள நான் இருவது கடைஞ்சு வச்சிடறேன் சார்" என்பார்கள். நல்லெண்ணத்தில் சொல்வதுதான், ஆனால் ஒப்புக்கொள்ள வேண்டாம். இருபது என்று விற்கும் பிஸ்டனிலேயே அரை தௌ, ஒரு தௌ வித்தியாசம் இருக்கும். நான்கு பிஸ்டனையும் கொண்டுபோய்க் கொடுத்து, ஒவ்வொன்றிலும் சிலிண்டர் எண்ணை எழுதி, அந்தந்தப் பிஸ்டனின் அளவோடு தயாரிப்பாளர் சொன்ன சந்தைக் கூட்டி, அந்த அளவுக்கு ஹோனிங்கில் முடிக்கச் சொல்லுங்கள். சந்து எவ்வளவு என்பதில் மெக்கானிக்கின் அனுபவத்தைவிடப் பிஸ்டனோடு வந்த தாளுக்கே முதல் மரியாதை.

கழுவுவதில்தான் இந்தக் கரையில் பல எஞ்சின்கள் கெடுகின்றன. ஹோனிங் முடிந்த போரில் கல்லின் தூள் ஒட்டியிருக்கும். பெட்ரோலில் துடைத்தால் அது போகாது, சோப்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? உப்பளத்தை ஒட்டிய ஆழ்துளைக் கிணறுகள் உவர்ப்பு. அந்தத் தண்ணீரில் பிளாக்கைக் கழுவி மதிய உணவுக்குப் போனால் திரும்பும்போது புதுப் போர் செம்மண் நிறத்தில் இருக்கும். குடிக்கும் கேன் தண்ணீரை வாங்கிக் காய்ச்சிக் கழுவுங்கள். வெள்ளைத் துணியால் துடைத்துத் துணியில் கறை வராமல் போகும் வரை கழுவி, உடனே காற்றடித்து, கை ஈரம் காயும் முன் எஞ்சின் ஆயில் பூசிவிடுங்கள். அதே நாளில் பிஸ்டன் ஏறவில்லை என்றால் ஆயில் தோய்த்த துணியும் பாலிதீன் உறையும் போட்டு மூடி வையுங்கள்.

ஓட்டிப் பழக்கும் முதல் சில நூறு கிலோமீட்டரில் ஒரே வேகத்தில் இழுத்துக்கொண்டே போகாதீர்கள். ஏற்றியும் இறக்கியும் ஓட்டினால்தான் ரிங் சுவரோடு பழகும். முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்துவிடுங்கள். ஆயிரம் கிலோமீட்டர் ஓடிக் கம்பிரஷன் அளந்து நான்கு சிலிண்டரும் ஒத்து நிற்கும் வரை, அந்தப் பழைய நான்கு பிஸ்டன்களைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.